மறு உத்தரவு வரும் வரை சேனாதிபதி

தில்லியில் ஓய்வு பெற்றவர்களிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. கேட்பதற்குள் அவர்களே சொல்லிவிடுவார்கள். அதனால் போன மாதம் தமிழாசிரியர்கள் கூட்டத்தில் உங்களில் ஒருவர் என் பக்கம் திரும்பி, "மேடம், லெவன்த்ல இன்னும் இந்த ராஜா, மந்திரி நாடகமெல்லாம் எதுக்கு? பசங்களுக்கு ஒட்டவே மாட்டேங்குது. அதை எடுத்துட்டு விளம்பரம் எழுதற பயிற்சி ஒண்ணு வெச்சா என்ன?" என்று கேட்டதும் எனக்கு மகிழ்ச்சியில் வார்த்தை வரவில்லை. வார்த்தை வருவதற்குள் டீ வந்துவிட்டது. டீ வந்தபின் இந்த ஊரில் எந்த விவாதமும் உயிரோடு இருந்ததில்லை. ஆகவே எழுதுகிறேன்.

பழைய நாடகங்கள் ஏன் உயர்ந்தவை என்று விளக்கப்போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் கைடில் இருக்கிறது. நான் வேலை பார்த்த கடைசிப் பள்ளியில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். அப்படி ஒரு பள்ளியே இல்லை என்று வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் நிம்மதி. மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவில் போய், இறங்கி, ஈ-ரிக்‌ஷா பிடித்தால் வரும். அந்தக் காலைப் பயணத்தில்தான் என் கட்டுரை நோட்டுகள் எல்லாம் திருத்தப்பட்டன. சில மதிப்பெண்களுக்கு ராஜீவ் சௌக் ஸ்டேஷன் நெரிசலும் பொறுப்பு.

அந்தப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்குத் துணைப்பாடமாக ஒரு பழைய நாடகம் இருந்தது. கதை இதுதான். மன்னர் இறந்துவிடுகிறார். வாரிசான இளவரசி நோயில் கிடக்கிறாள். அவள் தேறும்வரை நாட்டைப் பார்த்துக்கொள்ளச் சேனாதிபதியிடம் பொறுப்புத் தருகிறார்கள். முதல் அங்கத்தில் மகுடம் அரியணைமேல் பட்டுத் திண்டில் இருக்கிறது. சேனாதிபதி கீழே நிற்கிறார். இரண்டாம் அங்கத்தில், தூசி படிகிறதே என்று அதைக் கையில் எடுத்துத் துடைக்கிறார். மூன்றாம் அங்கத்தில் அது அவர் மடியில் இருக்கிறது. நான்காம் அங்கத்தில், கைகள் அரசாங்க வேலைக்கு வேண்டியிருப்பதால், தலையில் வைத்துக்கொள்கிறார். கத்திச் சண்டை கிடையாது, விஷக் கோப்பை கிடையாது. இளவரசி தேறி வருகிறாள். முடிசூட்ட இன்று ஏன் உகந்த நாள் இல்லை என்று அவையினர் ஒவ்வொருவராக அவளுக்கு விளக்குகிறார்கள். ஒருவர் அறுவடை என்கிறார், ஒருவர் மழை என்கிறார், ஒருவர் நட்சத்திரம் சரியில்லை என்கிறார். கடைசிக் காட்சியில் அவள் ஒவ்வொருவர் முன்னும் போய் நின்று ஒரே கேள்வியைக் கேட்கிறாள்: "மகுடம் நகர்ந்ததைப் பார்த்தீர்களா?" யாரும் வாய் திறப்பதில்லை. திரை விழுகிறது.

நான் இதை ஆண்டுதோறும் நடத்தினேன். ஆண்டுதோறும் வகுப்பு தூங்கியது. தில்லியில் பிறந்த பிள்ளைகள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், படிக்கச் சொன்னால் ஒவ்வொரு எழுத்தையும் தெரியாத விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். நாடக வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் வாசிப்பார்கள். அந்த ஆண்டும் அப்படித்தான் போயிருக்கும். ஆண்டு விழாவுக்கு இந்த நாடகத்தையே போடலாம் என்று எனக்குத் தோன்றியது. வேறு நாடகம் தேடச் சோம்பல் என்பதே முக்கியக் காரணம்.

சேனாதிபதி வேடத்தைக் கார்த்திக்குக்குக் கொடுத்தேன். வாட்டசாட்டமான பையன். அப்பா ஒரு அமைச்சகத்தில் அதிகாரி. லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் வீடு. இளவரசி வேடம் கௌசல்யாவுக்கு. அவள் அம்மா கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து, இங்கே சில வீடுகளில் சமையல் செய்தார். கௌசல்யாவுக்குக் கணீரென்ற குரல். பள்ளியில் அவளுக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஆண்டுக்கொருமுறை நிர்வாகக் குழு அதைப் புதுப்பிக்க வேண்டும். இதை நினைவில் வையுங்கள்.

முதல் வாசிப்பு. கார்த்திக் எழுந்து நின்று, பள்ளிக் காலை உறுதிமொழி சொல்லும் தொனியில் தன் வசனத்தை வாசித்தான்: "இளவரசி இன்னும் களைப்பாக இருக்கிறார். அவருக்கு ஓய்வு தேவை. அதுவரை நானே பார்த்துக்கொள்கிறேன்."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. பின்வரிசை மேசையைத் தட்டியது. "க்யா பாத் ஹை!" என்று கேலியாகச் சபாஷ் போட்டது ஒரு குரல். கார்த்திக்கின் காதுகள் சிவந்தன. கௌசல்யா மட்டும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்ன சிரிப்பு இதுல?" என்றேன்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "மேம், இவன் நெஜமாவே இதையேதான் சொன்னான். வேர்ட் பை வேர்ட்."

விசாரித்ததில் தெரிந்தது. வகுப்புத் தலைவர் தேர்தலில் ஜெயித்தவள் கௌசல்யா. மழைக்காலம் முடியும் நேரத்தில் அவளுக்கு டெங்கு வந்தது. அவள் வரும்வரை கார்த்திக் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டான். அவள் தேறி வந்தாள். "நீ வீக்கா இருக்கே, ரெஸ்ட் எடு" என்றான். அவள் மேலும் தேறினாள். "யூனிட் டெஸ்ட் முடியட்டும்" என்றான். பிறகு வகுப்பு வாட்ஸாப் குழுவில் அட்மின் மட்டுமே எழுத முடியும் என்று மாற்றிவிட்டான், அட்மின் அவன். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். இவ்வளவும் என் வகுப்பில் நடந்திருக்கிறது. நான் நாள்தோறும் மகுடத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றுமுதல் அந்த நாடகத்துக்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை. "அறுவடை முடியட்டும் இளவரசி" என்று ஒருவன் வாசிக்கும்போது, "யூனிட் டெஸ்ட், யூனிட் டெஸ்ட்" என்று பின்னால் முணுமுணுப்பு எழும். ஆங்கில எழுத்துத் தாள்கள் மெல்ல மறைந்தன. ஏனென்றால் தமிழில் அந்த அவையினர் எப்படி நழுவுகிறார்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது. "'ஆராய்ந்து பார்க்கலாம்'னா முடியாதுன்னு அர்த்தம், இல்ல மேம்?" என்று ஒருவன் கேட்டான். பதினோராம் வகுப்பில் இவ்வளவு தமிழ் போதும் என்று நினைத்தேன்.

ஆனால் நாடகம் வகுப்போடு நிற்கவில்லை. ஒத்திகை நடந்த கூடத்தின் வழியாகப் போனவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் நின்றார்கள். நின்றவர்களில் சிலர் பிறகு என்னைத் தேடினார்கள்.

முதலில் பிரின்சிபால். அமைதியான பெண்மணி, உரக்கப் பேசினால் சுவர் கோபித்துக்கொள்ளும் என்பதுபோல் பேசுவார். அவருடைய அறைக் கதவில் 'பொறுப்பு முதல்வர்' என்று எழுதியிருந்தது. பல ஆண்டுகளாக அப்படித்தான் எழுதியிருந்தது. என்னைத் தனியே கூப்பிட்டார். "ஏம்மா, இந்த நாடகம் என்னைப் பத்தியா?"

"இல்லை மேடம். இது எழுதி எத்தனையோ காலம் ஆச்சு."

"அப்போ சரி" என்றார். முகத்தில் சரி இல்லை.

அடுத்து கார்த்திக்கின் அப்பா தொலைபேசியில் வந்தார். "மேடம், நமஸ்தே. பையன் வசனத்துல 'தலைநகரில் எல்லாம் அமைதியாகவே இருக்கிறது'ன்னு ஒரு லைன் வருது. அந்தத் தலைநகருங்கிற வார்த்தையை மட்டும் மாத்த முடியுமா? எனக்கு இப்ப டிரான்ஸ்ஃபர் டைம். வேற ஏதாவது ஊர் போட்டுடுங்களேன்."

"எந்த ஊர் சார்?"

அவர் நெடுநேரம் யோசித்தார். இந்தியாவில் ஆபத்தில்லாத ஊர் ஒன்றும் அவருக்கு அகப்படவில்லை. "சரி, இருக்கட்டும். ஆனா மெதுவா சொல்லச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

மூன்றாவதாக வந்தவர்தான் செயலாளர். பள்ளி நிர்வாகக் குழுவின் செயலாளர். மத்திய அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். முந்தைய செயலாளர் மகனோடு இருக்கச் சென்னைக்குப் போய்விட்டபோது, அடுத்த தேர்தல்வரை தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். தேர்தல் குளிர்காலத்தில் வைப்பதாக இருந்தது. புகைமூட்டம் என்று தள்ளிவைத்தார்கள். வசந்தத்தில் போர்டு தேர்வு. கோடையில் வெயில், உறுப்பினர்கள் பாதிப் பேர் ஊரில் இல்லை. மழைக்காலத்தில் உறுப்பினர் பட்டியலைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. தில்லியின் பருவங்கள் தேர்தலை ஒத்திவைப்பதற்கென்றே படைக்கப்பட்டவை என்று அவரைப் பார்த்தபின்தான் எனக்கு விளங்கியது. ஆனால் நேர்மையானவர், பள்ளிப் பணத்தில் ஒரு சமோசாகூடத் தின்னமாட்டார். சேனாதிபதியும் நல்ல நிர்வாகிதான் என்பதை நாடகத்தைக் கவனமாகப் படித்தவர்கள் அறிவார்கள்.

குழு அறைக்கு என்னை வரச் சொன்னார். பிரின்சிபாலும் இருந்தார்.

"டீச்சர், எனக்கு நாடகம்னா உயிர். காலேஜ்ல நானே நடிச்சிருக்கேன்."

"அப்படியா சார்? என்ன வேஷம்?"

"ராஜா" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்தக் கடைசி சீன் மட்டும் கொஞ்சம் நெகட்டிவா இருக்கு. ஆண்டு விழான்னா நல்லபடியா முடியணும் பாருங்க."

"எந்த வரின்னு சொன்னீங்கன்னா பார்க்கறேன் சார்."

"வரின்னு இல்ல. ஒரு தொனி."

"யாரையாவது குறிக்கற மாதிரி இருக்கா சார்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். பிரின்சிபால் தன் சேலை நுனியைப் பார்த்தார். "யாரையும் குறிக்கலை. அதுதான் பிரச்சனையே. யாரையாவது குறிச்சா அவர் மட்டும்தான் வருத்தப்படுவார். யாரையும் குறிக்கலைன்னா எல்லாரும் தன்னைன்னு நினைச்சுப்பாங்க."

இத்தனை ஆண்டுப் பணியில் இலக்கியத்தைப் பற்றி இவ்வளவு சரியான ஒரு கருத்தை நான் கேட்டதில்லை. அதைச் சொன்னவருக்கு அது தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

பிறகு அவர் தாமே எழுதிய புதிய கடைசிக் காட்சியை என்னிடம் நீட்டினார். கணினியில் அடித்து, வரிகளுக்கு எண் போட்டு, மிகச் சுத்தமாக இருந்தது. அதில் இளவரசி யாரையும் கேள்வி கேட்பதில்லை. சேனாதிபதிக்கு நன்றி சொல்லி, தொடர்ந்து இருக்கும்படி வேண்டுகிறாள். அவ்வளவுதான்.

வெளியே தாழ்வாரத்தில் பிரின்சிபால் என்னை நிறுத்தினார். "இதையே போட்டுடும்மா. அந்தப் பொண்ணு கௌசல்யாவோட கன்செஷன் ஃபைல் அவர் மேசையில இருக்குன்னு ரெண்டு தடவை சொன்னார். சும்மா சொல்ற மாதிரி சொன்னார்." தாழ்வாரத்தின் இருபுறமும் பார்த்துக்கொண்டார். "எனக்கு சும்மா சொன்ன மாதிரி தெரியலை."

இளம் நண்பர்களே, இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பயிற்சி முகாமிலும் சொல்லித் தரமாட்டார்கள். மறுத்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்வு பெறப்போகிறவர்களின் வீரத்துக்குச் செலவு குறைவு. செலவு அந்தப் பெண்ணின் தலையில் விழும். நாடகத்தையே நிறுத்தலாம். அப்படி நிறுத்தினால், அதிகாரத்தைப் பற்றிய நாடகத்தை அதிகாரத்துக்குப் பயந்து நிறுத்தினார்கள் என்ற பாடத்தைப் பிள்ளைகள் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள். கேட்டபடி நடத்தலாம். மூன்றுமே கசந்தன.

கௌசல்யாவைக் கூப்பிட்டேன். நிலைமையை ஒளிக்காமல் சொன்னேன். சொல்லிவிட்டு, "நீ வேணும்னா ஒதுங்கிக்கோம்மா. இளவரசி வேஷத்தை வேற யாருக்காவது குடுத்துடறேன். உனக்கும் உடம்பு இப்பத்தானே…" என்று இழுத்தேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "மேம், எனக்கு டெங்கு வந்துட்டுப் போயிடுச்சு. நான் நல்லாத்தான் இருக்கேன். எல்லாரும் ஏன் என்னையவே ரெஸ்ட் எடுக்கச் சொல்றீங்க?"

எனக்கு முகத்தில் யாரோ தண்ணீர் அடித்ததுபோல் இருந்தது. அவள் அம்மாவைக் கேட்கலாம் என்று மறுநாள் வரச்சொன்னேன். வேலைக்கு நடுவே வந்தார், கையில் கொத்துமல்லிக் கட்டோடு. கேட்டுவிட்டு, "நடிக்கட்டும் மேம். நடிக்கலைன்னா மட்டும் அந்த சீட்டு எங்களுக்குப் பட்டா போட்டுக் குடுத்துருவாங்களா? வருசா வருசம் கேட்டுத்தான வாங்கறோம்" என்றார். ஜல்தியாகப் போக வேண்டும், குக்கரை வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று கிளம்பினார்.

ஒத்திகையில் புதிய காட்சியைக் கொடுத்தேன். வகுப்பு அதைப் படித்தது. படித்ததும் கொதித்தது. மேடையில் ஏறியபின் பழைய காட்சியையே நடித்துவிடலாம், யார் தடுப்பார்கள் என்றான் ஒருவன். எல்லோரும் ஆமோதித்தார்கள். அவர்களுடைய துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது; அதற்கான விலையை ஒருத்திதான் கொடுப்பாள் என்பது பிடிக்கவில்லை.

"முடியாது" என்றேன். "குடுத்ததைத்தான் நடிக்கணும்."

கார்த்திக்தான் பேசினான். "மேம், அப்போ நீங்களும் அந்த அவையில ஒருத்தர்தான். நட்சத்திரம் சரியில்லைன்னு சொல்றவர்."

யாரும் சிரிக்கவில்லை. அவன் சொன்னது எனக்கு வலித்தது. அவன் சொன்னான் என்பதில் ஒரு பெருமையும் இருந்தது. தன்னைச் சேனாதிபதி என்று பிறர் கேலி செய்வதைத் தாங்கிக்கொண்டிருந்த பையன், இப்போது அவையினரையும் அடையாளம் கண்டுகொண்டிருந்தான்.

"இருக்கட்டும்" என்றேன். "ஆனா ஒண்ணு கேளுங்க. இந்தக் காட்சியை ஒரு எழுத்துகூட மாத்தாம, ஒரு சின்னச் சிரிப்புகூட இல்லாம, கண் சிமிட்டாம சொல்லணும். கிண்டல் பண்ணினா நாம தோத்துட்டோம். எழுதினவர் எவ்வளவு மரியாதையா எழுதியிருக்காரோ, அவ்வளவு மரியாதையா நடிக்கணும்." என்ன நடக்கும் என்று நான் முன்கூட்டியே கணித்தேன் என்று சொன்னால் அது பொய். பிறர் வசனத்தைக் கேலி செய்தால் கேலி செய்தவன்மேல்தான் பழி வரும். அப்படியே சொன்னால் எழுதியவன்தான் பொறுப்பு. அவ்வளவு தூரம்தான் என் யோசனை போயிற்று.

விழாவுக்கு முந்திய வாரம் செயலாளர் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காகச் சென்னை போனார். விதிப்படி, அவர் இல்லாத நாட்களில் நிர்வாகக் குழுவின் பொறுப்பு பிரின்சிபாலுக்கு. இதுவரை அந்த நாட்களில் பிரின்சிபால் செய்த ஒரே காரியம், அவர் எப்போது திரும்புவார் என்று விசாரித்ததுதான். இந்தமுறை செயலாளர் விமானம் ஏறிய மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"கன்செஷன் ஃபைல் எல்லாத்தையும் வரவழைச்சேன்" என்றார், வழக்கமான மெல்லிய குரலில். "பெண்டிங்ல இருந்துது. எல்லாத்துக்கும் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"மேடம்!"

"தற்காலிகமா இருந்தாலும் பொறுப்பு பொறுப்புதானேம்மா? ஒத்திகையில பின்னாடி உட்கார்ந்து பார்த்துட்டே இருந்தேன். அந்த அவையில இத்தனை பேர் இருக்காங்க, ஒருத்தருக்குமா கை எழும்பலைன்னு இருந்துது." பேனாவை மூடி வைத்தார். "அவர் வந்து கேட்டா என்ன சொல்றதுன்னு இன்னும் யோசிக்கலை."

பொறுப்பு முதல்வர் என்ற பலகையை அன்றுதான் நான் மரியாதையோடு பார்த்தேன். ஆனால் செயலாளர் திரும்பி வந்து அந்தக் கையெழுத்துகளை ரத்து செய்துவிடலாம் என்பதால், புதிய காட்சியை நான் மாற்றவில்லை.

விழா அன்று அரங்கம் நிறைந்திருந்தது. ஜனக்புரியிலிருந்தும் ஆர்.கே. புரத்திலிருந்தும் எல்லாம் வந்திருந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் மத்திய அரசு ஊழியர்கள். மீதிப்பேர் அதிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். சென்னையிலிருந்து திரும்பிவிட்ட செயலாளர் முன்வரிசையில், சிறப்பு விருந்தினர் பக்கத்தில் அமர்ந்திருந்தார். நாடகம் ஒழுங்காகப் போயிற்று. மகுடம் திண்டிலிருந்து கைக்கும், கையிலிருந்து மடிக்கும், மடியிலிருந்து தலைக்கும் ஏறியது. கூட்டம் மரியாதையாகப் பார்த்தது. கைப்பேசிகள் ஒளிர்ந்தன. கடைசிக் காட்சி வந்ததும், செயலாளர் விருந்தினர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். 'இது நான் எழுதியது' என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். விருந்தினர் புருவம் உயர்த்தித் தலையாட்டினார்.

கௌசல்யா மேடை நடுவுக்கு வந்தாள். சேனாதிபதியை வணங்கினாள். கணீரென்ற குரலில், ஒரு முகச் சுளிப்புமின்றி, சொன்னாள்:

"சேனாதிபதி அவர்களே, தாங்கள் இதுகாறும் ஆற்றிய பணி பாராட்டுக்குரியது. நிர்வாக நலன் கருதியும், பொதுமக்களின் ஒருமித்த வேண்டுகோளுக்கு இணங்கியும், தங்களுடைய கூடுதல் பொறுப்பு மறு உத்தரவு வரும் வரை நீட்டிக்கப்படுகிறது."

பிறகு நடுவரிசையில் எங்கோ ஒரு பெரியவர் 'ஹக்' என்று ஒரு சத்தம் எழுப்பினார். அவ்வளவுதான். அரங்கம் முழுவதும் சிரிப்பு பற்றிக்கொண்டது. நிர்வாக நலன் கருதி இடமாற்றப்பட்டவர்கள், நிர்வாக நலன் கருதி பதவி உயர்வு மறுக்கப்பட்டவர்கள், மறு உத்தரவை எதிர்பார்த்தே தலை நரைத்தவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். வாழ்நாள் முழுவதும் கோப்பில் படித்த வாக்கியத்தை ஓர் இளவரசியின் வாயிலிருந்து கேட்டதும் அவர்களால் தாங்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். ஒருவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

கௌசல்யா அசையவில்லை. கார்த்திக்கின் முறை. செயலாளரின் தாளில் சேனாதிபதியின் பெயருக்குப் பக்கத்தில், எப்படிப் பேச வேண்டும் என்பதற்கான குறிப்பாக, 'மிகுந்த தயக்கத்துடன்' என்று எழுதியிருந்தது. கார்த்திக் தலையில் மகுடத்தைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, முழங்கினான்:

"மிகுந்த தயக்கத்துடன்! தங்கள் சித்தம்!"

திரை விழுந்தது யாருக்கும் தெரியவில்லை. அவன் வேண்டுமென்றே சொன்னானா, தில்லித் தமிழ் அவ்வளவுதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டபோது, "அதுவும் டயலாக்னு நினைச்சேன் மேம். ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாதுன்னீங்களே" என்றான். முகம் குழந்தையைப்போல் இருந்தது.

செயலாளர் முதலில் கைதட்டினார். சிரிப்பு நிற்காமல் போனபோது அவர் கைகள் மெதுவாகின. பிறகு மடியில் கிடந்தன. எனக்கு அப்போது அவர்மேல் இரக்கம் வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். நன்றியுரையில், நாடகத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல், நிர்வாகக் குழுத் தேர்தல் விரைவில் நடைபெறும் என்று அறிவித்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பிரின்சிபாலிடம் கையெழுத்துகளைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

இனி, நாடகத்தால் உலகம் மாறியது என்று எழுதிவிட்டு முடிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். தேர்தல் உண்மையாகவே நடந்தது. வேட்புமனுவுக்கு நாள் குறித்தார்கள். செயலாளர் பதவிக்கு ஒரே ஒரு மனுதான் வந்தது. போட்டியின்றித் தேர்வானார். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்த அந்த மனிதரை மெட்ரோவில் பார்த்தேன். "நீங்க நிக்கலாமே சார்?" என்றேன். "ஐயோ, எனக்கெதுக்கு மேடம் அந்தத் தலைவலி? அவர்தான் நல்லாப் பார்த்துக்கறாரே" என்றார். "நாடகம் மட்டும் ஃபர்ஸ்ட் கிளாஸ். இன்னும் நினைச்சு நினைச்சு வீட்ல சிரிக்கறோம்."

பெரியவர்களுக்கு இந்த நாடகங்கள் என்ன செய்யும் என்பதற்கு இதுதான் என் ஆராய்ச்சி முடிவு. நன்றாகச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போவார்கள். ஆகவே இவற்றைப் பாடத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று நீங்கள் நினைத்தால், பெரியவர்களுக்கான பாடத்திலிருந்து தாராளமாக எடுங்கள். பிள்ளைகள் விஷயம் வேறு.

விழா முடிந்து பள்ளி திறந்த முதல் நாளே கார்த்திக் வகுப்பில் எழுந்து நின்றான். பள்ளி முழுவதும் அவனைச் 'சேனாதிபதிஜி' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. தண்ணீர்க் குழாயடியில்கூட நிம்மதியில்லை. கைப்பேசியைக் கௌசல்யாவிடம் நீட்டி, "அட்மின் நீயே எடுத்துக்கோ. மானிட்டரும் நீயே" என்றான்.

அவள் வாங்கவில்லை. "நீ குடுத்து நான் வாங்க மாட்டேன். க்ளாஸ் சொல்லட்டும்" என்றாள்.

நோட்டுத் தாளைக் கிழித்து வாக்குச்சீட்டு செய்து தேர்தல் வைத்தோம். கார்த்திக்கும் நின்றான். மிகச் சொற்ப வித்தியாசத்தில் கௌசல்யா ஜெயித்தாள். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு தேர்தல் என்று அவர்களே விதி எழுதிக் கரும்பலகையின் ஓரத்தில் ஒட்டினார்கள். அவள் நல்ல தலைவியாக இருந்தாள். கண்டிப்பானவள்; கொஞ்சம் அதிகமாகவே கண்டிப்பானவள்.

அடுத்த ஆண்டு, அவர்கள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, ப்ரீ-போர்டு தேர்வு நெருங்கியது. தேர்தல் நாளும் வந்தது. நான் வருகைப்பதிவை முடித்ததும் கௌசல்யா எழுந்தாள்.

"மேம், எல்லாருக்கும் படிக்கற டென்ஷன். இந்தத் தடவை எலெக்‌ஷனை எக்ஸாம் முடிஞ்சு வெச்சுக்கலாமா? அதுவரைக்கும் நானே பார்த்து…"

பாதியில் நின்றுவிட்டாள். வாயைத் திறக்காமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கார்த்திக் தன் ரஃப் நோட்டிலிருந்து நடுத்தாளைப் பிய்த்து, துண்டுகளாகக் கிழித்து, எழுந்துபோய் அவள் மேசைமேல் வைத்தான். கௌசல்யா அவற்றை ஒரு கணம் பார்த்தாள். ஒன்றை எடுத்துக்கொண்டு, மற்றவற்றைப் பின்வரிசைக்கு அனுப்பினாள்.